கோபமா, சுகரா?

எனக்குச் சர்க்கரை நோய் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வயதானபின் வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. அன்றிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. காட்டூரில் எங்கள் வீட்டில் நெல்லும் மாடும்தான் பேச்சு. அதற்கு நடுவே நைனா, என் அப்பா, எனக்காக ஊசி போடக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் நானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

இந்த வியாதியில் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஊசி போடுகிறவர்களுக்கு உண்மையான பயம் அது இறங்குவதில்தான். ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனால் போதும், வெயிலில் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் போதும், சரசரவென்று இறங்கிவிடும். சின்ன வயதில் அது எனக்கு முன்கூட்டியே தெரியும். கை நடுங்கும், வியர்க்கும், மார்பு படபடக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் தின்ன வேண்டும் போலிருக்கும். உடனே இரண்டு ஸ்பூன் குளுக்கோஸ் மாவை வாயில் கொட்டிக்கொள்வேன். சரியாகிவிடும்.

கல்யாணமாகிச் சில வருஷங்களில் இந்த எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. முதலில் படபடப்பு போனது, பிறகு வியர்வை, கடைசியாகக் கைநடுக்கம். எனக்கு உடம்பு தேறிவிட்டது என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். அடிக்கடி இறங்கி இறங்கி உடம்புக்கே அது பழகிவிட்டது, இனி அது சொல்லாது என்று பொன்னேரி சர்க்கரை டாக்டர் விளக்கினார். நடுங்குவதும் வியர்ப்பதும் நின்றதே தவிர, இறங்குவது நிற்கவில்லை. நேராக மூளைக்குப் போய்விடும். மூளைக்குப் போனபின் எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதை நான் பழவேற்காட்டுத் தையல் கடையில் தெரிந்துகொண்டேன். கடைவீதியில் லாத்தா நடத்தும் கடை அது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். கடையில் துணி வெட்டுவது என் வேலை. அது நோன்பு மாதம். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்காகக் கொடுத்திருந்த ஜரிகைத் துணியை மேசையில் விரித்ததுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் லாத்தா சொல்லித்தான் தெரியும்.

"நீ பாட்டுக்கு சின்ன சின்ன சதுரமா வெட்டிக்கினே இருந்தே. ஒரு சதுரம் பெருசு இல்ல, ஒரு சதுரம் சிறுசு இல்ல. இன்னாம்மா பண்றேன்னு கேட்டா, 'இதோ முடிஞ்சிருச்சி லாத்தா'ன்னு சிரிக்கிற. ஏதோ புது டிசைனுனு நானும் கொஞ்ச நேரம் பாத்துக்கினே நின்னுட்டேன். அப்புறம் உன் கண்ணப் பாத்தேன். அல்லாவே, அதுல நீ இல்ல."

நோன்புக்காக வைத்திருந்த பேரீச்சம்பழத்தை நசுக்கி என் வாயில் ஊட்டியிருக்கிறாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், விரலில் ஒட்டிய பழத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு எனக்கு ஊட்டினாள். எனக்கு நினைவு வந்தபோது மேசை முழுக்க ஜரிகைச் சதுரங்கள் கிடந்தன. அழுதேன். லாத்தாவே அந்தப் பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அன்று மாலை அந்த வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி எனக்கு வந்தது. "துணி போனா வேற துணி. புள்ள நல்லாயிருக்காளா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோணிரேவுக்காரர். பழவேற்காடு ஏரியில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர். பொன்னேரி பஸ்ஸில் பார்த்துப் பேசிப் பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்து, பிறகு இறக்கி, நடந்த கல்யாணம் எங்களுடையது. பேச்சு எடுக்கும் முன்பே என் வியாதியை அவரிடம் சொல்லிவிட்டேன்.  "எனக்கு ஊசின்னா பயம். கத்துக்கிறேன்" என்றார். சொன்னபடி கற்றுக்கொண்டார். இன்றுவரை எனக்குப் போடும்போது முகத்தைச் சுளிப்பது அவர்தான்.

எச்சரிக்கைகள் நின்றபின் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஏரிக்குப் போனால் அங்கிருந்து போன் வரும். "நேத்து இன்னா கொழம்பு?" என்பார். நான் சட்டென்று "மடவை மீன் கொழம்பு" என்றால் வைத்துவிடுவார். தாமதித்தால் உடனே லாத்தாவுக்குப் போன் போகும். "ஏன் கேக்குற? உனக்கு வேற வேலையில்லையா?" என்று நான் எரிந்து விழுந்தாலும் லாத்தாவுக்குப் போன் போகும். சர்க்கரை இறங்கினால் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அது உண்மையும்கூட.

தொல்லை என்னவென்றால், எனக்குக் காரணத்தோடும் கோபம் வரும். ஈர வலையைக் கட்டில்மேல் போட்டால் வரும். ஒரு வார்த்தை சொல்லாமல் நாலு பேரைச் சாப்பிடக் கூட்டி வந்தால் வரும். நான் வாயைத் திறந்தால் அவர் பதில் சொல்ல மாட்டார். எழுந்துபோய் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வருவார். "குடிமே. குடிச்சிட்டுத் திட்டு" என்பார். பாதிச் சண்டையில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் "இறங்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் வரும்" என்று ஒன்று வைத்திருப்பார். என் கோபத்துக்கு அந்த வீட்டில் மரியாதையே இல்லை. மற்ற பெண்கள் கோபித்துக்கொண்டால் புருஷன் பூ வாங்கி வருவான், அல்லது பதிலுக்குக் கத்துவான். எனக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான்.

துணி வெட்டிய கதையைக் கேட்டபின்தான் பொன்னேரி டாக்டர் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். சர்க்கரை இறங்குவதை மூளையின் அலைகளை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். என்னைப் போல அறிகுறி தெரியாதவர்கள்தான் அவர்களுக்கு வேண்டும். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் எனக்குத் தெரிந்ததுதான். ஒருமுறை ஒட்டிப் பார்த்தோம். விலையும் கட்டுப்படியாகவில்லை, எங்கள் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் சொன்ன நாளுக்கு முன்பே உரிந்து வந்துவிட்டது. அதுவும் தோலுக்கடியில் இருக்கும் நீரில்தான் சர்க்கரையை அளக்கிறது, கொஞ்சம் பிந்தித்தான் காட்டும் என்றார் டாக்டர். "மூளை சிரமப்படறத மூளைகிட்டயே கேட்டா எப்படி இருக்கும்? அதான் இவங்க யோசனை."

என் கணவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மீன் ஏலம் விடும் இடத்தில் சொன்னார், ஐஸ் வண்டிக்காரரிடம் சொன்னார். கிளம்பிய அன்று காலை பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதே, "மூளைய டெஸ்ட் பண்றாங்களாமே, ஒண்ணும் ஆவாது, தைரியமா போ தங்கச்சி" என்றார். எனக்கு உச்சி கொதித்தது.

அதற்கு முந்தின நாளே வீட்டில் ஒரு கலவரம். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்து வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தாள்.

"தலையில கரண்ட் வெக்கப் போறாங்களா?"

"இல்ல அத்த. தலையில இருந்து வர்றதத்தான் எடுப்பாங்களாம்."

"வர்றத எடுக்கறதுன்னா? எடுத்துட்டா உனக்கு?"

"அது குறையாதாம் அத்த."

"என்னமோ போ. எண்ணெ வெக்காதன்றவன் எப்படி நல்ல டாக்டரா இருப்பான்?"

பொன்னேரியிலிருந்து ரயில் ஏறினோம். வெறும் வயிறு, பரட்டைத் தலை. எதிர் சீட்டில் இருந்தவரிடம் என் கணவர் "நாங்க இன்னாத்துக்குப் போறோம்னா..." என்று ஆரம்பித்தபோது அவர் காலை மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. கட்டில், பக்கத்தில் திரை, நிறைய ஒயர். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அம்மா அமைதியானவர். அவருக்கு உதவியாக இருந்த பெண் என் தங்கை வயதுக்காரி. என் மண்டையில் அங்கங்கே பிசின் மாதிரி ஒரு பசையைத் தடவி, சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டினாள். காதுக்குப் பின்னால் தனியாக இரண்டு. "பிற்பாடு இந்தக் காதுக்குப் பின்னாடி இருக்கறது மட்டும் போதும்ன்ற நெலைக்குக் கொண்டுவரணும்னுதான்கா பாக்குறோம்" என்றாள். ஒரு கையில் இன்சுலினும் குளுக்கோஸும் ஏறும் குழாய். இன்னொரு கையிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். மெல்ல மெல்ல அவர்களே என் சர்க்கரையை இறக்குவார்கள்; ஒரு எல்லைக்கு வந்ததும் நிறுத்தி ஏற்றிவிடுவார்கள்; டாக்டர் பக்கத்தைவிட்டு நகர மாட்டார். இதை எல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

திரையில் என் மூளை ஓட ஆரம்பித்தது. வரிசை வரிசையாகக் கோடுகள், சின்னச் சின்னதாக, நெருக்கமாக நெளிந்தன. கண்ணை மூடச் சொன்னால் ஒரு மாதிரி, திறக்கச் சொன்னால் வேறு மாதிரி. என் கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

"மேடம், காலைலருந்தே இவ சிடுசிடுனு இருக்கா. ரயில்ல என் கால மிதிச்சா. இறங்கியிருக்கும்னு நெனைக்கிறேன். கொஞ்சம் பாருங்க" என்றார்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "யோவ், நீ ஊரெல்லாம் தமுக்கு அடிச்சி வெச்சா எனக்குக் கோவம் வராதா? அந்தக் கண்டக்டர் என்னப் பாத்த பார்வை இருக்கே! ஊர்ல எல்லாரும் என்னப் பைத்தியம்னு நெனைக்கணுமா?" என்று பிடித்துக்கொண்டேன். திரையில் கோடுகள் கன்னாபின்னாவென்று தடித்துக் கறுத்தன. என் கணவர் பதறி எழுந்தார். "மேடம்! பாருங்க, பாருங்க! குளுக்கோஸ் குடுங்க!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது மூளை இல்லண்ணா, தாடை. பல்லக் கடிச்சிக்கினு பேசறாங்க இல்ல, அந்தத் தசை அசையறதுதான் இப்படி விழுது. அக்கா, கொஞ்சம் திட்டாம இருங்க, ரெக்கார்டிங் கெட்டுப் போவுது" என்றாள்.

நான் வாயை மூடினேன். கோடுகள் பழையபடி நெருக்கமாக நெளிந்தன. டாக்டர் அம்மா அப்போதுதான் எடுத்த ரத்தத்தின் அளவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சுகர் நார்மல். அலையும் நார்மல். இன்னும் நாங்க இறக்கவே ஆரம்பிக்கல."

"அப்ப இது?" என்று கேட்டார் என் கணவர்.

"இது உங்கமேல இருக்கற கோவம்தாங்க."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். நான் மிதித்த காலை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "நெஜமாவே கோவமாமே?" என்று கேட்டார். ஏதோ முதல்முறை கேள்விப்படுகிற மாதிரி. எனக்குக் கல்யாணமானதிலிருந்து கிடைக்காத ஒரு சான்று அன்று கிடைத்தது. கட்டிலில் படுத்தபடியே நிமிர்ந்து பார்க்க முடியுமானால் அப்படித்தான் அவரைப் பார்த்தேன்.

பிறகு இன்சுலினைக் கூட்டினார்கள். அடிக்கடி "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். திரையில் புள்ளி வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் சுலபமாக இருந்தது. நேரம் போகப் போக மனசு லேசானது. அந்த அறை நல்ல அறை என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் தோடு அழகாக இருந்தது. கணவரைப் பார்த்தேன், அவர்மேல் கோபமெல்லாம் இல்லை. "எப்படி இருக்கு?" என்றார்கள். "ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு துண்டு காணவில்லை. வாயில் இனிப்பு. என் கணவரின் கை என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு, ஆட்டம் காட்டிய உடம்பு அடங்கியபின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். காலையில் நெருக்கமாக நெளிந்த கோடுகள் ஓரிடத்தில் தளர ஆரம்பித்தன. அகலமாக, மெதுவாக, உயரம் உயரமாக எழும்பின. "இங்க ஏரித் தண்ணி மாதிரி இருந்தது, இங்க முகத்துவாரத்துல வர்ற அலை மாதிரி ஆயிடுச்சி" என்றார் என் கணவர். "ஆமா, மெதுவாகி, பெருசாகுது" என்று தலையாட்டினார் டாக்டர் அம்மா. அந்தப் பெண் ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இங்கதான்கா நீங்க 'ரொம்ப நல்லாயிருக்கு'ன்னு சொன்னது." அவள் விரலுக்கு முன்னாலேயே, வெகு முன்னாலேயே, அலைகள் மாறியிருந்தன.

 எத்தனை முறை இவரிடமும் லாத்தாவிடமும் "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்று சண்டை போட்டிருக்கிறேன். அத்தனை முறையும் நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் தோன்றியது. என் கணவர் "பாத்தியா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் தலையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த கட்டமாக, காதுக்குப் பின்னால் ஒட்டும் கருவியை வீட்டில் அணிந்து கொஞ்ச நாள் இருக்கச் சொன்னார்கள். மெல்லிய ஒயர், இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி. கையில் சென்சாரும் உண்டு, ஆனால் அது காட்டும் அளவு என் கண்ணில் படாது. இரண்டையும் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். கருவி ஒலியெல்லாம் எழுப்பாது. பதிவு மட்டும்தான். நடந்தால், மென்றால், சிரித்தால், வீட்டில் வேலை செய்தால் அலை எவ்வளவு குழம்புகிறது என்றும் தெரிய வேண்டுமாம்.

தண்ணீர்க் குழாயடியில் "காது கேக்கலயா?" என்று கத்திக் கேட்டார்கள். மாமியார் என் பக்கத்தில் வந்தால் தெரு விஷயம் எதுவும் பேசமாட்டாள். பெட்டிக்குள் பதிந்துவிடும் என்று பயம். என் கணவரோ என் காதருகே வந்தால் குரலைத் தாழ்த்திவிடுவார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி. லாத்தா விடுமுறை கொடுத்திருந்தாள். "வெட்டறத நான் பாத்துக்கறேன். நீ உன் மூளையப் பாத்துக்க" என்றாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குப் பாடு இல்லை. ஏரியில் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த முறையைத்தான் பாடு என்பது. முறை இல்லாத நாளில் அவர் சும்மா இருக்கமாட்டார். "போட்ல வர்றியா?" என்று கேட்டார். நான் காட்டூர்க்காரி. நெல் வயலில் நிற்கும் முழங்கால் தண்ணீருக்கு மேல் எனக்குத் தண்ணீரோடு உறவு கிடையாது. எத்தனை வருஷமாகக் கேட்டும் போனதில்லை. அன்று ஏனோ போனேன்.

சாப்பிட்டுவிட்டுப் போன மதியம். கொஞ்ச தூரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டார். தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நண்டு வலையை எடுத்து ஒவ்வொன்றாகச் சிக்கலெடுத்தார். நான் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டு கடித்துக் கடித்து அவர் ஆள்காட்டி விரலில் நகம் கோணலாக வளர்ந்திருக்கும். "யோவ்" என்றேன். நிமிர்ந்தார். "உன்னக் கட்டிக்கினதுல எனக்கு ஒருநாளும் வருத்தமில்லய்யா" என்றேன்.

எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் பேசிக்கொள்வது கிடையாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, எடுத்த சிக்கலையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. சற்றுப் பொறுத்து வழக்கம்போல் பையிலிருந்து பன்னும் வாழைப்பழமும் எடுத்துக் கொடுத்தார். தின்றேன். திரும்பி வரும்போது பாட்டு முணுமுணுத்தார். இரண்டு நாள் கழித்து, கேட்காமலே ஈர வலையைக் கட்டிலிலிருந்து எடுத்துப்போட்டார். நான் சொன்னது அவருக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பதிவைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சில நாளில் மறுபடியும் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் நன்றாக இருந்ததாம். இரண்டு இடத்தில் மட்டும் அலை மெதுவாகியிருந்தது. கையிலிருந்த சென்சாரும் இறக்கம் காட்டியது. எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஒன்று தூக்கத்தில். "இன்னொண்ணு ஞாயித்துக்கெழம மதியம். இங்க பாருங்க. அப்புறம் ஏதோ சாப்ட்டிருக்கீங்க, தானா சரியாயிடுச்சி" என்றாள் அந்தப் பெண்.

என் கணவர் திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமயா மேடம்? மதியமா?" என்று இரண்டு தடவை கேட்டார். 

ரயிலில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். வழக்கமாக எதிர் சீட்டோடு பேச்சுக் கொடுக்கிறவர் வாயே திறக்கவில்லை. மீஞ்சூர் தாண்டியபின்தான் பேசினார்.

"அப்ப அன்னிக்கு போட்ல சொன்னது சுகராமே?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. இத்தனை வருஷம் என் கோபத்துக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் கலக்கியவருக்கு இப்போது இது பெரிய நஷ்டமாக இருந்தது. "இல்லய்யா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கே தெரியவில்லை. அந்த மதியம் மனசு லேசாக இருந்தது உண்மை. ஆஸ்பத்திரி அறையிலும் அப்படித்தான் லேசாக இருந்தது. சொன்னபோது அலை மாறியிருந்ததா, சொன்ன பிறகா? அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கேட்டாலும், நான் எந்த நிமிஷத்தில் சொன்னேன் என்று யார் கண்டது?

பொன்னேரியில் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பழவேற்காடு பஸ் இன்னும் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் பையிலிருந்து சுகர் பார்க்கும் மெஷினை எடுத்தேன். "இன்னாமே, ஒரு மாதிரியா இருக்கா?" என்று பதறினார். விரலைக் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, அளவு வந்ததும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"படி."

படித்தார்.

"நார்மலா?"

"நார்மல்தான்."

"இறங்கறதுக்கு முன்னாடி வர்றதுன்னு எதாவது சொல்வியா?"

"சொல்லமாட்டேன்."

"உன்னக் கட்டிக்கினதுல எனக்கு ஒருநாளும் வருத்தமில்ல. கேட்டுக்கினியா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாவும் பார்த்தாள். என் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்க்காத முகத்தை. "பஸ் ஸ்டாண்டுல இன்னாமே இது" என்றார். பிறகு, "ரெண்டு டீ. ஒண்ணு சக்கரையில்லாம" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

அந்தப் பதிவுகளை வைத்துப் பொன்னேரி டாக்டர் என் ஊசி அளவை மாற்றினார். கொஞ்ச காலம் இறங்கவே விடக் கூடாது, சற்று ஏறியிருந்தாலும் பரவாயில்லை, அப்படி விட்டால் பழைய அறிகுறிகளில் சிலது திரும்பி வரலாம் என்றார். வந்தது. ஒருநாள் கடையில் கத்தரிக்கோலை எடுத்தபோது கை நடுங்கியது. என்னவென்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கையை நீட்டி அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "லாத்தா, எனக்கு இறங்குது!" என்று நானே கத்தினேன். நல்ல சேதி சொல்கிற குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னவள், மறுகணமே "அதுக்கு ஏன் நின்னுக்கினு இருக்கே, வாயத் தொற" என்று குளுக்கோஸைக் கொட்டினாள். இந்த நடுக்கம் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. படபடப்பு இன்னும் வரவேயில்லை. வருகிற அளவுக்கு நல்லது.

காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி இன்னும் கடைக்கு வரவில்லை. எப்போது வருமென்று அவர்களும் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு வில்லை ஒட்டிய அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ரவிக்கை எங்கள் கடையில்தான் தைக்க வேண்டும் என்று அம்மாவோடு பழவேற்காட்டுக்கு வந்தாள். துணியை நான்தான் வெட்டினேன். வெட்டும் முன் விரலைக் குத்தி அளவைக் காட்டினேன். "எனக்கு நம்பிக்கை இருக்குக்கா" என்றாள். "எனக்கு இல்ல, காட்டு" என்றாள் லாத்தா. மதியம் தோணிரேவில் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் கணவர் அன்று பிடித்ததில் பெரிய நண்டாகப் பொறுக்கி வைத்திருந்தார்.

இலையில் நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே என் மாமியார் அவளிடம் ரகசியம்போலக் கேட்டாள். "உள்ளாரப் பூந்து பாத்தியே கண்ணு. என் மருமவ தலைக்குள்ள என்னப் பத்தி எதாவது இருந்துச்சா?"

அந்தப் பெண் நண்டுக் காலைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் தெரியாதுமா. ஆனா ஒண்ணு, நல்லா ஓடுது" என்றாள். மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னொரு நண்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.